பங்குனியில் பள்ளி வாசல் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வால்டார்ஃப் பள்ளிகளில் வசந்தம் வந்தால் பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் எல்லாரும் கூடி விழா எடுப்பார்கள். 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் வகுத்த கல்விமுறை அது. அவர் அதற்குமுன், 1902 முதல் சுமார் பத்தாண்டுகள் ஜெர்மனியில் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) கிளையை நடத்தியவர். அந்தச் சபையின் தலைமையகம் 1882 முதல் நம் அடையாறில்தான் இருக்கிறது. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்ததும் இதே அடையாறில்.

புதிய கல்விச் சிந்தனைகளோடு இப்படித் தொடர்புள்ள நம் ஊரில் இன்று வசந்தம் என்றாலே ஆண்டுத் தேர்வுதான். பங்குனியில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்துமூவர் விழாவன்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கூப்பிட்டு மோரும் பானகமும் சோறும் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளோ மாதிரி வினாத்தாளோடு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

தொடக்க வகுப்புகளுக்காவது தேர்வைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஒரு சனிக்கிழமையைப் பள்ளிகள் ஒதுக்கலாம். பிள்ளைகள் வேப்பம்பூ பொறுக்கி உலர்த்தட்டும். தாத்தா பாட்டிகள் வந்து கதை சொல்லட்டும். பள்ளி வாசலில் பெற்றோர் மோர்ப்பந்தல் போட்டால் ஆட்டோ ஓட்டுநர்களும் தூய்மைப் பணியாளர்களும் இளைப்பாறுவார்கள். எந்த மதத்துப் பிள்ளையும் இதில் சேரலாம். இதற்கென்று தனிக் கட்டணம் மட்டும் வசூலிக்க வேண்டாம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பள்ளித் தலைமையாசிரியர்கள் வரும் பங்குனியிலேயே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை.