பசளைக் கப்பலும் நீதிமன்றமும்

வயலுக்கு இடும் பசளை ஒரு பட்டினத்தை அழிக்குமோ என்று நம் கமக்காரர் கேட்கலாம். அழித்தது. 1947 ஏப்ரல் 16ஆந் தேதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் நகரத் துறைமுகத்தில், 'கிராண்ட்காம்ப்' என்னும் பிரஞ்சுக் கப்பல் ஏறக்குறைய 2,300 தொன் அமோனியம் நைத்திரேற்றோடு வெடித்தது. தீ மூண்டபோது, நீர் பட்டாற் சரக்குக் கெடுமென்று அறைகளை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். என்னே சரக்கின்மீது அக்கறை! கரையில் வேடிக்கை பார்த்து நின்ற சனங்களும், தீயணைக்கச் சென்ற தொண்டர் 27 பேரும் மாண்டனர். மொத்தம் ஏறத்தாழ 580 உயிர்கள்.

இத்தகைய கேட்டை முன்கூட்டியே கணக்கிடலாம். அதிர்ச்சி அலையின் ஆபத்தெல்லை வெடிபொருள் நிறையின் கனமூலத்தைப் பொறுத்தது. சரக்கு எட்டு மடங்கானால் எல்லை இரு மடங்காகும். இரண்டுதானே என்று ஆறுதல் கொள்ளற்க. அதனுள் அகப்படும் நிலப்பரப்பு நான்கு மடங்கு! 1947க்கு நெடுநாள் முன்னரே அறியப்பட்ட விதி இது.

அப்பசளையைச் செய்வித்தது அரசாங்கம். ஆகவே அதன்மீது வழக்குத் தொடுத்தனர். 1953இல் உயர் நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், அரசாங்கம் பொறுப்பல்லவெனத் தீர்த்தது. திட்டமிட்டோர் தம் விருப்புரிமைப்படி நடந்தனராம். பையின்மேல் என்ன எச்சரிக்கை பொறிப்பதென்பதும் அவ்வுரிமையுள் அடங்குமாம்! கணக்கிடக்கூடிய ஆபத்தைக் கணக்கிடாது விடுவது எங்ஙனம் உரிமையாகும்? மாறுபட்ட மூவரின் தீர்ப்பே நியாயமென்பது என் துணிபு. முடிவில், 1955இல் அந்நாட்டுச் சட்டசபை தனிச் சட்டமொன்று இயற்றியே நட்ட ஈட்டுக்கு வழிசெய்தது. அதற்குள் எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.