தொங்கும் காது, தொங்கும் கழுத்து

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்து எண்ணெய்க் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அங்கே என் வயதையொத்த ஒரு பெண், தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "இதுக்கு ஏதாவது இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "ராத்திரி தடவிட்டுப் படுங்கக்கா. ஒரு மண்டலத்துல தோல் இறுகிரும்."

இறுகாது. வறண்ட தோலுக்கு எண்ணெய் மென்மை தரும், அவ்வளவுதான். தோலை விறைப்பாக வைத்திருப்பவை கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள். வயது ஏற ஏற அவை குறைகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு கொலாஜன் இன்னும் வேகமாகக் குறைகிறது. கழுத்துத் தோலோ முன்பே மெல்லியது. அதற்கு அடியில் பிளாட்டிஸ்மா என்று ஒரு மெல்லிய தசை இருக்கிறது. அது தளரும்போதுதான் கழுத்தில் நெடுக்காகப் பட்டைகள் தெரிகின்றன. எந்தத் தைலத்தைத் தடவினாலும் அந்தத் தசை இறுகப் போவதில்லை.

எண்ணெயை விட, அவள் குரலைத் தாழ்த்தியதுதான் எனக்கு வருத்தம். இதே தென்காசிச் சீமையில் தோலைத் தொங்கவிட்டு வளர்த்தவர்கள் நம் ஆச்சிமார்கள். எங்கள் ஆச்சிக்குச் சிறு பிள்ளையிலேயே காது குத்தி, துளையில் முதலில் பஞ்சு, பிறகு ஓலைச்சுருள், பிறகு குணுக்கு என்று கனத்தைக் கூட்டிக்கொண்டே போய், மடல் தோளைத் தொடும்வரை வடித்தார்களாம். அதில் பாம்படம் போட்டாள். உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. தலையை ஆட்டிப் பேசினால் பேச்சோடு சேர்ந்து அதுவும் ஆடும். வடிக்காத காது அவள் கண்ணுக்கு மூளிக் காது.

அடுத்த தலைமுறைக்கு அதே காது பட்டிக்காடாகத் தெரிந்தது. எத்தனையோ பெண்கள் டாக்டரிடம் போய் மடலை வெட்டித் தைத்துக்கொண்டு, சின்னக் கம்மலுக்கு மாறினார்கள். ஆச்சி மாறவில்லை. கடைசிக் காலத்தில் அவள் கழுத்தும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அதை அவள் முந்தானையால் மறைத்து நாங்கள் பார்த்ததில்லை.

வெட்கம் இங்கே மட்டும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் நோரா எஃப்ரான் தம் கழுத்தைப் பற்றிய வருத்தத்தையே தலைப்பாக்கி 2006இல் ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தார். அங்கே அது அமோகமாக விற்றது. ஊர் எதுவானாலும், அறுபது வயதுக் கழுத்துக்காக ஒரு பெண் கூசத் தேவையில்லை என்பதே என் கட்சி.

அதற்காகக் கவனிக்காமல் விடவும் வேண்டாம். தோலை அதிகம் கெடுப்பது வெயில். சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள்கூட தாடையோடு நிறுத்திவிடுகிறோம். கழுத்துக்கும் பூச வேண்டும். நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போகிறவர்கள் தலைத்துண்டைக் கழுத்தையும் மூடும்படி கட்டிக்கொள்ளலாம். பீடி, சிகரெட் புகையும் தோலைத் தளர்த்தும். ரெட்டினாய்டு களிம்பு சுருக்கத்தை ஓரளவு குறைக்கும், ஆனால் கழுத்தில் சீக்கிரம் எரியும் என்பதால் தோல் டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். லேசர், ரேடியோ அலைச் சிகிச்சைகளில் கொஞ்சம் மாற்றம் கிடைக்கும், செலவு அதிகம். நன்றாகத் தொங்கிவிட்ட தோலை இழுத்துப் பிடிக்க அறுவைச் சிகிச்சைதான் வழி. விவரம் தெரிந்து, தன் விருப்பத்தில் செய்துகொள்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மண்டலக் கணக்குச் சொல்லிப் பாட்டில் விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கழுத்தில் தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு. கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். முன்கழுத்தில் ஒரு வீக்கம் கூடவே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கலாம். வயதான தோல்தானே என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல், தென்காசி அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஊர் டாக்டரிடமோ அந்த வாரமே காட்டிவிடுங்கள்.