நம்பிக்கையை ஈட்ட வேண்டியவர் யார்? காவல்துறைத் தலைமையும் வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 4-உம்

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை 2022 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி வசம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் விசாரித்த சிபிசிஐடி, 2025 ஜனவரியில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் பாதிக்கப்பட்ட அதே தலித் சமூகத்தைச் சேர்ந்த மூவரைக் குற்றஞ்சாட்டியது. ஊர் மக்கள் அதை ஏற்க மறுத்தனர். விடுதலைச் சிறுத்தைகள் கட்சியும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கோரின.

அந்த மூவர் குற்றம் செய்தனரா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மரபணுச் சோதனைகளையும் தொழில்நுட்பச் சான்றுகளையும் முன்வைத்த ஒரு விசாரணையை, யாருக்காக அது நடத்தப்பட்டதோ அந்த மக்களே நம்ப மறுத்தது ஏன்? அவர்களுடைய அவநம்பிக்கையை அறியாமை என்றோ அரசியல் தூண்டுதல் என்றோ ஒதுக்குவது அதிகாரிகளுக்கு எளிது. ஆனால் தலித் மக்களின் அவநம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது.

வேங்கைவயலில் நம்பிக்கை பிறந்த ஒரு தருணமும் இருந்தது. சம்பவம் வெளியானவுடன் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்றனர். காலங்காலமாக மறுக்கப்பட்டிருந்த அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை அழைத்துச் சென்றனர். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை முறை மீது வழக்குப் பதிவானது. நாடே அதைப் பாராட்டியது. ஆயினும் இரண்டு அதிகாரிகளின் துணிவு ஒரு துறையின் பண்பாடாக மாறிவிடுவதில்லை. அவர்கள் இடமாறுதலில் சென்ற பிறகும் நிலைத்து நிற்கும் ஏற்பாடு எது என்பதே தலைமை பற்றிய உண்மையான கேள்வி.

நட்புத் திட்டங்கள் தந்த பாடம்

காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்ப்பது பற்றி இன்று அதிகம் பேசப்படுகிறது. நவீனத் தலைமைப் பண்பு குறித்த பயிற்சி வகுப்புகள், விளையாட்டுப் போட்டிகள், மாணவர் சந்திப்புகள், சமூக ஊடகப் பக்கங்கள் என அதற்கு வடிவங்கள் பல. இவற்றுள் தமிழ்நாட்டில் மிகவும் பேசப்பட்டது 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவியது அது.

அதே ராமநாதபுரம் மாவட்டத்தின் பரமக்குடியில்தான் 2011 செப்டம்பர் 11 அன்று, தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாளில், காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 6 தலித்துகள் உயிரிழந்தனர். அரசு அமைத்த நீதிபதி சம்பத் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. காவல்துறையின் நண்பர்கள் என்ற அமைப்பு பிறந்த மண்ணில் 18 ஆண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்தது இது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பிறகு இறந்தபோது, அந்த அமைப்பின் தன்னார்வலர்கள் மீதே குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது.

அந்தத் திட்டத்தில் இருந்த அனைவரும் தீயவர்கள் என்று நான் கூறவில்லை. மக்களைக் காவல் நிலையத்துக்கு நெருக்கமாக்கிய அத்திட்டம், காவல் நிலையத்தை மக்களுக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை. பொறுப்புக்கூறல் இல்லாத நெருக்கம், ஊரில் ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவர்களுக்கே கூடுதல் செல்வாக்கைத் தரும். சாதி அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் காவல் நிலையத்தோடு முதலில் நட்பு பாராட்டுபவர் யார் என்பதை நாம் அறிவோம்.

இரண்டு தீர்ப்புகள் காட்டும் உண்மை

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே முருகேசன் என்ற தலித் இளைஞரும் அவர் காதலித்து மணந்த கண்ணகியும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறை செய்தது என்ன? கொலையை இரு தரப்பின் குற்றமாகச் சித்திரித்து, முருகேசனின் தரப்பினரையும் குற்றவாளிகளாக்கியது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சிபிஐ விசாரித்த பிறகே உண்மை வெளிவந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் அப்போதைய காவல் ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் அடங்குவர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விருவரும் குற்றவாளிகளே என்பதை உறுதிசெய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடும் போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டனை காவல் ஆய்வாளரோடு நின்றுவிட்டது. காவல் நிலையம் எழுதிய பொய்க்கதையை மேலிருந்து படித்துக் கையொப்பமிட்ட படிநிலை எந்தக் கேள்வியையும் சந்திக்கவில்லை.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்தனர். சந்தனக் கட்டைத் தேடல் என்ற பெயரில் ஊரையே சூறையாடினர்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வருமுன்னரே 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அத்துடன், அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்குமாறும் அரசுக்கு உத்தரவிட்டது. அதிகாரப் படிநிலையின் மேல் படிக்கட்டை நீதிமன்றம் தொடுவதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

தலித், பழங்குடி மக்களின் நினைவில் இவை பழைய செய்திகளாக இல்லை. ஒவ்வொரு புதிய புகாரையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையப் படியேறும்போது இந்த நினைவும் கூடவே வருகிறது.

சாவி மேலதிகாரியின் மேசையில்

தலைமையின் கடமை என்ன என்பதைத் தேடி வெளிநாட்டு மேலாண்மை நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, அச்சட்டத்தின் பிரிவு 4 அரசு ஊழியரின் கடமைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறது. வாய்மொழிப் புகாரை எழுதிக்கொண்டால், கையொப்பம் பெறும் முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையை உரிய பிரிவுகளின் கீழ் பதிவு செய்ய வேண்டும். அதன் நகலை உடனே தர வேண்டும். விசாரணையை முடித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சாராத ஓர் அரசு ஊழியர் இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. நிர்வாக விசாரணை நடந்து, அதன் பரிந்துரையின் பேரில்தான் அந்த ஊழியர் மீது குற்றச்சாட்டு பதிவாக முடியும். அந்த நிர்வாக விசாரணையை நடத்த வேண்டியது யார்? பெரும்பாலும் அதே துறையின் மேலதிகாரி. தம்முடைய ஆய்வாளரையும் துணைக் கண்காணிப்பாளரையும் விசாரணைக்கு உட்படுத்த ஒரு கண்காணிப்பாளர் முன்வந்தால் பிரிவு 4 உயிர்பெறும். அவர் தயங்கினால் அது காகிதத்தில் உறங்கும். காவல்துறைத் தலைமையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஒரு தலித் பெண்ணின் புகாரைப் பதிவு செய்ய மறுத்த ஆய்வாளருக்கு மறுநாள் என்ன நேர்ந்தது என்று பார்த்தால் போதும். அந்த மாவட்டத்தின் தலைமை எத்தகையது என்பது விளங்கிவிடும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வன்கொடுமைப் புகாரோடு வருபவரின் கையில் முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கப்படுகிறது. இரு தரப்பையும் அழைத்துச் சமாதானம் பேசப்படுகிறது. புகார் பதிவானால் எதிர்த்தரப்பிடமிருந்தும் ஒரு புகார் பெறப்பட்டு, எதிர்வழக்கு பதிவாகிறது. பிறகு அந்த எதிர்வழக்கே சமரசத்துக்கு நெருக்கும் கருவியாகிறது. இவற்றுள் எதற்கும் சட்டத்தில் இடமில்லை. கைதுசெய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 2018 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பு வன்கொடுமைச் சட்டத்தின் வலிமையைக் குறைத்தது. அதை எதிர்த்துத் தலித் மக்கள் நாடெங்கும் போராடினர். நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்தது. அதன்படி இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் முன்விசாரணைக்கு வழி தருகிறது. இதைக் காட்டி வன்கொடுமைப் புகார்களைக் கிடப்பில் போட முயன்றால் ஏற்கக் கூடாது. சிறப்புச் சட்டத்தின் விதியைப் பொதுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று புதிய சட்டமே கூறுகிறது.

வெளியிலிருந்து ஒரு கண்

நல்ல தலைமையும் தன்னைத்தானே விசாரித்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்தே, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல்துறை புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது. மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியரைத் தலைவராக்கியது. யார் மீது புகாரோ அவர்களின் மேலதிகாரியே நீதிபதியாக அமரும் ஏற்பாடு இது.

வேறு பாதை சாத்தியமே என்பதற்கு வட அயர்லாந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கே சிறுபான்மைக் கத்தோலிக்க மக்கள் காவல்துறையைப் பகைவரின் படையாகவே கண்டனர். படையில் அவர்கள் ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே இருந்தனர். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் அமைந்த பேட்டன் ஆணையம் 1999-இல் 175 பரிந்துரைகளை அளித்தது. படையின் பெயர் மாறியது. காவல்துறைக்கு வெளியே, தனி அதிகாரத்துடன் புகார்களை விசாரிக்கும் அமைப்பு 2000-இல் செயல்படத் தொடங்கியது. 2001 முதல் 2011 வரை புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர். அவர்களின் பங்கு சுமார் 30 விழுக்காடாக உயர்ந்தது. எல்லாப் புண்களும் அங்கே ஆறிவிடவில்லை. ஆயினும் நம்பிக்கை கேட்கும் முன் அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்ற வரிசையை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டனர்.

நாம் கேட்க வேண்டியவை

களத்தில் நிற்கும் தோழர்களும் மாணவர்களும் காவல்துறைத் தலைமையிடம் சில எளிய கணக்குகளைக் கேட்கலாம். மாவட்டத்தில் பிரிவு 4-இன் கீழ் எத்தனை நிர்வாக விசாரணைகள் நடந்தன, எத்தனை பரிந்துரைகளில் முடிந்தன? எத்தனை வன்கொடுமை வழக்குகளில் 60 நாள் கெடு தவறியது, அதற்கு எழுதப்பட்ட காரணம் என்ன? எத்தனை வழக்குகளில் எதிர்வழக்கு பதிவானது? ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். அக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் எங்கே? இவை அனைத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற முயலலாம்.

காவல் நிலையம் புகாரைப் பதிவு செய்ய மறுத்தால், வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 5(3)-ஆம் விதியின்படி கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம், அஞ்சலில் அனுப்புங்கள். அந்த அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புகார் தம் பார்வைக்கு வந்ததே இல்லை என்று மேலதிகாரி பின்னாளில் கூற முடியாதபடி செய்வது அந்தச் சிறு காகிதம்தான். வழக்கு நடவடிக்கைகளைக் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்று 15-ஏ பிரிவு கூறுவதையும் மனுவிலேயே நினைவூட்டுங்கள்.

வேங்கைவயல் மக்களைப் பார்த்துக் காவல்துறையை நம்புங்கள் என்று கூறுவோர், வாச்சாத்தி மக்கள் 31 ஆண்டுகள் காத்திருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். நம்பிக்கை அறிவுரையால் வருவதில்லை. கடமை தவறிய ஓர் அதிகாரி மீது, நீதிமன்றம் உத்தரவிடும் முன்னரே, அவருடைய மேலதிகாரி தாமாக நடவடிக்கை எடுக்கட்டும். அப்படி எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் பட்டியலை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிடட்டும். அந்தப் பட்டியல் வெளிவரும்வரை, தலித் மக்களின் ஐயம் நியாயமானதாகவே இருக்கும்.