செய்திக்கும் சுயம்வரத்துக்கும் நடுவே

இரவு உணவு வேளையில் தொலைக்காட்சி ஓடாத வீடு நம் பங்குகளில் எத்தனை இருக்கும்? செபமாலை முடிந்த கையோடு ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரே அன்றைய குடும்பத் தலைவர்! அப்பா செய்தி வைப்பார். விளம்பரம் வந்ததும் பிள்ளைகள் வேறு சேனலுக்குத் தாவுவார்கள். எதிலிருந்து எதற்குத் தாவுகிறோம் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் 2018 ஏப்ரல் மாத மாலைகள்தான் என் நினைவுக்கு வருகின்றன. காவிரித் தீர்ப்பைச் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆறு வாரக் கெடு முடிந்து, தமிழகமெங்கும் போராட்டம். சென்னையில் நடக்க வேண்டிய ஐ.பி.எல். போட்டிகள் புனேவுக்குப் போயின. மார்ச் 11-இல் குரங்கணி மலையில் பற்றிய தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் ஆறவில்லை. தூத்துக்குடியில் குமரெட்டியாபுரம் மக்கள் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மரத்தடியில் அமர்ந்திருந்தார்கள். ஜம்மு காஷ்மீரின் கத்துவாவில் எட்டு வயதுக் குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை குற்றப்பத்திரிகை வழியாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது.

பக்கத்துச் சேனலில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’. 2018 பிப்ரவரியில் தொடங்கிய கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியின் பெரிய நிகழ்ச்சி அது. நடிகர் ஆர்யா தமக்குப் பெண் தேடுகிறார், 16 பெண்கள் போட்டியிடுகிறார்கள், ஒவ்வொருவராக வெளியேற்றப்படுகிறார்கள். அமெரிக்காவில் 2002-இல் வந்த ‘தி பேச்சிலர்’ நிகழ்ச்சியின் அச்சு இது. இந்தியில் 2009-இல் ராக்கி சாவந்த் நடத்திய சுயம்வரத்தையும் சிலர் பார்த்திருப்பீர்கள்.

பார்ப்பவரை இழுத்துப் பிடிக்கும் வேலையை நன்றாகவே செய்தது நிகழ்ச்சி, மறுப்பதற்கில்லை. எங்கள் தெருவில் தொடர் நாடகம் தவிர வேறெதுவும் பார்க்காத பாட்டிமார்கள்கூட யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: “ஏம்பா, வேண்டாம்னு அனுப்பின புள்ளைங்களுக்கு அப்புறம் எப்படிப்பா வரன் பார்ப்பாங்க?” செய்தி விவாதங்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தியும் இவ்வளவு நல்ல கேள்வி ஒன்று வந்ததில்லை.

நம் ஆலயங்களில் திருமண ஓலை மூன்று முறை வாசிக்கிறோம். ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள முடிவு செய்த இருவரின் பெயரைத்தான் ஊரறியச் சொல்கிறோம். அந்த மேடையில் ஊரறியச் சொல்லப்பட்டதோ ‘வேண்டாம்’ என்பது! அதுவும் சோக இசையோடு, கண்ணீர் வழியும் முகத்தை அருகில் காட்டி, மறுநாள் புரோமோவில் மறுபடியும். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லைதான். பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று எழுந்து போன கூட்டம் நம்மிலும் உண்டு. ஆனால் அந்த அவமானம் நான்கு சுவருக்குள் முடிந்தது.

இறுதிச் சுற்றில் மூன்று பெண்கள் மணக்கோலத்தில் காத்திருக்க, ஒருவரைத் தேர்ந்தால் மற்ற இருவரின் மனம் புண்படும் என்று சொல்லி ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரே அவரைத் திட்டியது. எனக்கு அவர்மேல் கோபம் குறைவு. கேமராவுக்காக ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டியிருந்தால் அது இதைவிடப் பெரிய கொடுமை. முழு விடுதலையோடு தரப்படாத சம்மதம் திருமணமே ஆகாது என்றல்லவா திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது? அடுத்த ஆண்டு, 2019 மார்ச்சில், தம்முடன் நடித்த சாயிஷாவை அவர் மணந்தார். என் கோபமெல்லாம், முடிவு எதுவானாலும் நட்டப்படாத ஏற்பாட்டின் மீதுதான்.

இறுதிச் சுற்று நடந்த அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. கத்துவா குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட 12 ஊடக நிறுவனங்கள் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஏப்ரல் 18 அன்று உத்தரவிட்டது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது நெடுநாளைய சட்டம். செய்தி அறைகளுக்குத் தெரியாததல்ல. ஆகவே, செய்தி நல்லது, கேளிக்கை கெட்டது என்று நாம் பிரித்துக்கொள்வது அவ்வளவு சரியாக வருவதில்லை. அந்த வாரம் இரண்டு சேனல்களிலும் விற்கப்பட்டது அடுத்தவர் துயரம்தான். ஒன்றில் இறந்துபோன ஒரு குழந்தையின் முகம். மற்றொன்றில் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் அழுகை.

இங்கிலாந்தில் ‘லவ் ஐலண்ட்’ நிகழ்ச்சியில் பங்கேற்ற இருவர் 2018-லும் 2019-லும் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பின் பலத்த விவாதம் எழுந்தது. பங்கேற்பாளர்களின் மனநலத்துக்கு நிகழ்ச்சி நடத்துவோர் உரிய அக்கறை காட்ட வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்தது. இரண்டு உயிர்கள் போன பிறகு வந்த விதி!

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியைத் ‘தொலைக்காட்சியும் குடும்பமும்’ பற்றியே எழுதினார். சில வேளைகளில் பெட்டியை அணைத்துவிடுவதும் பெற்றோரின் கடமை என்பதை அதில் அவர் மறக்கவில்லை. அணைப்பது சரி, ஆனால் நாம் அணைத்தாலும் அது பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு நிகழ்ச்சி குறித்து எந்தப் பார்வையாளரும் அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் அனுப்பலாம். 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர்கள் ஒப்புகை தர வேண்டும். 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால், அந்த நிறுவனம் சேர்ந்துள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, நேரம், எந்தக் காட்சி என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். நம் அன்பியக் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து இப்படி ஒரு கடிதம் எழுத அரை மணி நேரம் போதும்.