பாவசங்கீர்த்தனமும் மன அமைதியும்



சென்ற தவக்காலத்தில் குண்டடம் வட்டாரத்துத் தோட்டமொன்றின் திண்ணையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பொதுக் கிணற்றின் தண்ணீர் முறை பற்றி எழுந்த சச்சரவினால் உடன்பிறந்த தம்பியோடு அவருக்குப் பல ஆண்டுகளாய்ப் பேச்சில்லை. "பூசைக்குத் தவறாம வாரனுங்க சாமி, பாவசங்கீர்த்தனமும் செய்யறனுங்க. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எவரும் வெளியிடலாகாது. இது திண்ணையில் கேட்டது; அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

ஞானோபதேச வகுப்பில் கற்றதை நினைவுகூருங்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஆத்தும சோதனை, மனத்துயர், இனிப் பாவம் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகிய ஐந்தும் வேண்டும். முதல் நான்கோடு நம்மில் பலர் எழுந்து போய்விடுகிறோம். பரிகாரம் என்பது சில செபங்களைச் சொல்லி முடிப்பது மட்டுமன்று. அபகரித்ததைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சீர்செய்வதும், முறிந்த உறவைப் பிணைப்பதும் பரிகாரமே. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் மலைப்பொழிவில் பணித்தது இதனாலன்றோ?

"தவறு அவனுடையது, அவனே வரட்டும்" என்பீர்கள். கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்து உதயநகர்ப் பகுதியில் ஏழை விவசாயக் கூலிகளின் உரிமைக்காக உழைத்தார். அதனைப் பொறாதோர் ஏவலால், 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் ஐம்பது முறைக்கு மேல் குத்திக் கொன்றார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-இல், கன்னியராகிய சொந்தத் தங்கை செல்மி பால் சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். 2006-இல் விடுதலையான அவர், பின்னர்க் கேரளம் சென்று இராணி மரியாவின் தாயாரிடம் மன்னிப்பு வேண்டினார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

கொலையாளி வீடு தேடி வரட்டும் என்று அத்தங்கை காத்திருக்கவில்லை. அவர் மன்னித்ததனால் கொலை குற்றமில்லாமற் போய்விடவுமில்லை. குற்றவாளி பல ஆண்டுகள் சிறையிலிருந்தார். நீதியைக் கேட்பது வேறு, பகையை வளர்ப்பது வேறு.

பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவே: "தண்ணீர் முறைக்கு நியாயம் பேசப் பிறகு நாள் இருக்கிறது. முதலில் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்."

பெரிய சனிக்கிழமை போனார். தம்பி முகம் கொடுக்கவில்லை. தம்பி மனைவி மட்டும் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாளாம். "அன்னைக்கு ராத்திரி தூங்கினனுங்க சாமி" என்றார். கிணற்று வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் இப்போது அண்ணனும் தம்பியும் நேரில் பேசித் தர்க்கிக்கிறார்கள். அதுவே பெரிய காரியம்.

அன்பர்களே, அடுத்த முறை பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு எழும்போது, நீங்கள் போய் உட்கார வேண்டிய திண்ணை எது என்று ஒரு கணம் சிந்தியுங்கள்.

உங்கள் பங்குத் தந்தை