என்னதான் மாத்தினீங்க?

ஓசியில் கிடைக்கும் ஓப்பன் ஸோர்ஸ் மென்பொருள் ஒன்றில் சின்னப் பிழை கண்டுபிடித்தேன். ஏழு வரியில் சரிசெய்து, ‘பாட்ச்’ என்று மெயிலில் அனுப்பினேன். (கிழிசலுக்கு டெய்லர் போடும் ஒட்டு மாதிரிதான்.) முன்பின் பார்த்திராத ஒரு ஆசாமி, சம்பளம் வாங்காமல், ராத்திரி கண்விழித்துப் படித்து நாலு குறை சொல்லியிருந்தார். இரண்டைத் திருத்தினேன். மற்ற இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதைச் சொல்லாமல், பழைய தலைப்பிலேயே திரும்ப அனுப்பினேன்.

ஒரு வரி பதில் வந்தது: ‘என்ன மாற்றினீர்கள்? மீதி இரண்டு என்ன ஆச்சு?’

நாலு சாமான் சொல்லி இரண்டு வாங்கி வந்தால் வீட்டில் கேட்பார்களே, அதே கேள்வி.

அப்புறம்தான் லினக்ஸ் கெர்னல்காரர்களின் சம்பிரதாயங்களைத் தேடிப் படித்தேன். 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. இன்றைக்கும் அங்கே பாட்ச் பெரும்பாலும் மெயிலில்தான் போகிறது. திருத்தி அனுப்பினால் தலைப்பில் ‘வி2’, அடுத்தது ‘வி3’ என்று போட வேண்டும். விளக்கத்துக்கு அடியில் மூன்று சிறு கோடு. அதற்குக் கீழே, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத வேண்டும். அது படிப்பவருக்கு மட்டும். பாட்ச்சைச் சேர்க்கும்போது கிட் அதை உதறிவிடும்.

கலர் எழுத்து, அலங்காரம் கூடாது. வெறும் டெக்ஸ்ட். பதிலை மொத்தமாக மேலே கொட்டாமல், ஒவ்வொரு குறைக்கும் அடியிலேயே எழுத வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். பதில் வரவில்லையா? குறைந்தது ஒரு வாரம் வாயைத் திறக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். எழுதுகிறவன் ஏகப்பட்ட பேர். படித்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம். என் சோம்பேறித்தனத்தில் நான் மிச்சம் பிடித்த அஞ்சு நிமிஷம், அவருடைய இன்னொரு ராத்திரி.

மன்னிப்புக் கேட்டு, மாறியதையும் மாறாததையும் காரணத்தோடு எழுதி ‘வி3’ அனுப்பினேன். மாறாத இரண்டில் ஒன்று ‘நீங்கள் சொல்வது சரி’ என்றார். மற்றதில் நான்தான் முட்டாள். அதையும் திருத்தியதும் பாட்ச் சேர்ந்தது.

ஆபீஸில் ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’, ‘ரியல் ஃபைனல்’ என்று எக்ஸெல் அனுப்பும் சகோதரர்களே, உங்களிடமும்தான் கேட்கிறேன்: என்னய்யா மாத்தினீங்க?