பாடம் இலவசமானால் போதுமா? அதைத் திருத்தும் உரிமை யாருக்கு?

ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் கல்லூரி வட்டாரத்துப் போட்டோஸ்டெட் கடைகளில் கூட்டம் கூடும். நூறு வெள்ளிக்கு மேல் விலையுள்ள பாடநூலை வாங்க முடியாதவர்கள், தேவையான அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்வார்கள். பிடிபிடிஎன் கடன் கைக்கு வருவதற்கு முன்பே கட்டணம், தங்குமிடம், பஸ் செலவு என்று வரிசை கட்டி நிற்கும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன வழி.

இந்தச் சுமைக்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் ‘திறந்த கல்வி வளங்கள்’. பாடநூல், குறிப்பு, காணொளி, பயிற்சித்தாள் ஆகியவற்றை எழுதியவரே, யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்து வெளியிடுவது இதன் அடிப்படை. 2002இல் யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் இந்தப் பெயர் பிறந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ இதற்கென்று தனிப் பரிந்துரையையே ஏற்றுக்கொண்டது.

ஆனால், ‘இலவசம்’ என்பதும் ‘திறந்தது’ என்பதும் ஒன்றல்ல. இலவசப் பாடத்தைப் படிக்கலாம். திறந்த பாடத்தைப் படிக்கலாம், வைத்துக்கொள்ளலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றியும் எழுதலாம். கடைசியாகச் சொன்ன அந்த உரிமைதான் விரிவுரையாளரின் கல்விச் சுதந்திரத்தைத் தொடுகிறது. மலேசிய இந்தியர்களுக்கு இது வெறும் ஏட்டு விவகாரம் அல்ல என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சாட்சி.

இரண்டு பாடங்கள், இரண்டு சர்ச்சைகள்

2006ஆம் ஆண்டு, புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் இன உறவு பாடத்துக்குப் பயன்படுத்திய வழிகாட்டி நூல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆறு பேர் உயிரிழந்த 2001 கம்போங் மேடான் கலவரத்துக்கு இந்திய இளைஞர்கள் மீது பழி சுமத்தும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. மே 13 கலவரம் தொடர்பில் ஜசெக மீதும் பழி போடப்பட்டிருந்தது. நாடாளுமன்றம் வரை விவகாரம் போனது. பின்னர் அமைச்சரவை அந்நூலை மீட்டுக்கொள்ள உத்தரவிட்டது. பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய பாடத்தொகுப்பு தயாரானது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2016 ஜூனில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘தித்தாஸ்’ எனப்படும் இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடத்தின் திரைக்காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவின. இந்துக்கள் உடல் அழுக்கைச் சமயத்தின் ஒரு பகுதியாகக் கருதுகிறார்கள் என்ற கருத்து அதில் இருந்தது. சீக்கிய சமயம் பற்றியும் தவறான தகவல் இருந்தது. அப்போதைய துணைக் கல்வியமைச்சர் ப.கமலநாதன் தலையிட்டார். பாடம் திருத்தப்படும் என்று பல்கலைக்கழகத் தரப்பு உறுதி கூறியது.

இரண்டும் மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த பாடங்கள் அல்ல. பட்டம் பெற வேண்டுமானால் படித்தே தீர வேண்டிய கட்டாயப் பாடங்கள். தோட்டத்திலிருந்து முதல் முறையாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை, தன் சமயத்தைப் பற்றி அங்கே இப்படிப் படித்து, தேர்வில் அதையே விடையாக எழுதும் நிலை இருந்தது.

ஒரே பாடத்தொகுப்பு தீர்வாகுமா?

தவறு நேரும்போதெல்லாம் அதிகாரத் தரப்பு முதலில் நாடுவது ஒரே வழியைத்தான்: எல்லாருக்கும் ஒரே பாடத்தொகுப்பு. நிபுணர் குழு எழுதும், விரிவுரையாளர் நடத்துவார். தரத்துக்கு அது உத்தரவாதம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பல வகுப்புகளாகப் பிரித்து நடத்தும் ஒரு பாடத்துக்குப் பொதுவான நூல் தேவைப்படலாம். இல்லாவிட்டால் ஒரே தேர்வை எல்லாரும் எப்படி எழுதுவது?

ஆனால், பொது நூலைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகத்தில் இது வெளிப்படையாகவே வெடித்தது. அங்கே கணிதத் துறை விதித்த பாடநூலின் விலை ஏறக்குறைய 180 டாலர். அதை எழுதியவர்கள் அத்துறையின் தலைவரும் துணைத் தலைவரும். விரிவுரையாளர் ஒருவர் அதற்குப் பதிலாக அதில் பாதிக்கும் குறைவான விலையுள்ள நூலையும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களையும் பயன்படுத்தினார். அவருக்குக் கண்டனக் கடிதம் கொடுக்கப்பட்டது. அவர் செய்த முறையீடும் 2015இல் எடுபடவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கை இதில் ஒரு நடுவழி சொல்கிறது. தன் வகுப்புக்கான நூலைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் உரிமை; பல வகுப்புகள் உள்ள பாடத்தில் ஆசிரியர்கள் கூடிப் பேசிப் பொதுவாக முடிவெடுக்கலாம். அதாவது, தனி மனிதரின் விருப்பம் சில வேளைகளில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால், முடிவு பாடம் நடத்துபவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் திறந்த பாடங்களுக்கான முயற்சி புதிதல்ல. 2014இல் அரசுப் பல்கலைக்கழகங்கள் நான்கு பாடங்களை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. அவற்றில் இரண்டு, மேலே சொன்ன இன உறவும் தித்தாஸும்தான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது பெரிய முன்னேற்றம். 2019இல் இந்த இரண்டு பாடங்களுக்குப் பதிலாக நன்னெறி-நாகரிகம், தத்துவம்-நடப்பு விவகாரம் சார்ந்த புதிய பாடங்கள் அறிவிக்கப்பட்டன.

பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. பாடத்தில் பிழையைக் காணும் விரிவுரையாளர் அதைத் திருத்தி நடத்தலாமா? அரசுப் பல்கலைக்கழக ஊழியர்கள் 2000ஆம் ஆண்டின் சட்டமுறை அமைப்புகள் ஒழுங்குச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அரசாங்கக் கொள்கைக்குப் பாதகமான பொது அறிக்கையை அது தடுக்கிறது. தனியார் கல்லூரியில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவருக்கு, அடுத்த செமஸ்டருக்குக் கூப்பிடுவார்களா என்ற கவலை. இந்த நிலையில் பாடத்தை மாற்றலாம் என்ற அனுமதி தாளில் மட்டும் இருந்து பயனில்லை. மாற்றினால் தண்டனை இல்லை என்ற உறுதியும் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. சுதந்திரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. 2006 நூலையும் 2016 திரைக்காட்சிகளையும் தயாரித்தவர்களும் கல்வியாளர்களே. அந்தப் பிழைகள் வெளியே தெரிந்தது எப்படி? பாடம் வகுப்பறைக்கு வெளியே வந்து, நாலு பேர் கண்ணில் பட்டதால். மூடிய அறையிலேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு ஓடியிருக்குமோ! எழுதுபவருக்குச் சுதந்திரம், படிப்பவருக்குத் திறந்த கதவு என இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றை ஒன்று திருத்தும்.

தமிழுக்கு இது தெரியாத வழியல்ல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க நூல்கள் முதல் தற்கால எழுத்து வரை இணையத்தில் இலவசமாகத் தந்தது. தமிழ் படிக்கும் மலேசிய மாணவரும் வீட்டிலிருந்தே அந்நூல்களைத் திறக்கலாம். ஆனால், மலேசிய இந்தியர் வரலாறு, தோட்ட வாழ்க்கை, நம் சமயங்கள் பற்றிக் கல்லூரி அளவில் அப்படி ஒரு திறந்த பாடநூலை நம் கல்வியாளர்கள் எழுதிவைத்தால், தவறான வரிக்குப் பதிலாக எடுத்துக்கொடுக்கச் சரியான வரி தயாராக இருக்கும்.

அதுவரை, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தோடு இன்னும் மூன்றைக் கேட்டுவைக்கலாம். கட்டாயப் பாடங்களின் குறிப்புகளை வெளியார் பார்க்க முடியுமா? பிழை இருந்தால் யாரிடம் சொல்வது? சொன்ன விரிவுரையாளருக்கோ மாணவருக்கோ பாதிப்பு வராது என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி?